பெரு: பாலைவனக் கடற்கரை, ஆண்டஸ் மலை, பழைய நகரங்கள் – எந்த வரிசையில் போவது?

நெல்லைக்காற்று:
மே கடைசியில் கிளம்பி ஜூன் பாதியில் திரும்புகிறோம். லிமாவில் இறங்கி லிமாவிலேயே ஏறுகிறோம், நடுவில் 16 இரவுகள். நானும் மனைவியும், அப்பா (66), அம்மா (62). அப்பா பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறார். நால்வரும் சைவம், முட்டை பரவாயில்லை.

ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டம்: லிமாவில் ஒரு இரவு. மறுநாள் காலை விமானத்தில் குஸ்கோ, அன்று மதியமே ஊர் சுற்றல். அடுத்த நாள் வானவில் மலை, அதற்கடுத்த நாள் மச்சு பிச்சு. பிறகு பூனோ, அரெக்கிப்பா, நாஸ்கா வழியாக இறங்கி லிமா. இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

உயரமானி:
எடுத்துக்கொள்ள வேண்டாம். இடங்களில் குறையில்லை, வரிசைதான் தலைகீழ்.

லிமா கடல்மட்டம். குஸ்கோ 3,399 மீட்டர். ஒன்றரை மணி நேர விமானத்தில் அந்த உயரம் ஏறி, அன்றே படிக்கட்டுச் சந்துகளில் நடந்து, மறுநாள் 5,000 மீட்டருக்கு மேலே இருக்கும் வினிகுங்காவுக்கு (அதுதான் வானவில் மலை) போவது இருபத்தைந்து வயதுக்காரரையே படுக்க வைக்கும். அறுபதைத் தாண்டிய இருவரை வைத்துக்கொண்டு இதைச் செய்யக் கூடாது.

உங்கள் ஏஜென்ட் கொடுத்ததைக் கடைசியிலிருந்து படித்தாலே பாதி சரியாகிவிடும். இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் கணக்கு:

லிமா 2 இரவு (கடல்மட்டம்)
பராக்கஸ் 2 (கடல்மட்டம்)
நாஸ்கா 1 (சுமார் 520 மீ.)
இரவு பஸ் 1
அரெக்கிப்பா 3 (2,335 மீ.)
கோல்கா 1 (பள்ளத்தாக்கு, சிவாய் ஊரில் தங்கினால் 3,635 மீ.)
அரெக்கிப்பா 1
ஒயாந்தாய்தாம்போ 2 (மச்சு பிச்சு ரயில் ஏறும் ஊர், 2,792 மீ.)
அகுவாஸ் காலியெந்தெஸ் 1 (மச்சு பிச்சு அடிவார ஊர், 2,040 மீ.)
குஸ்கோ 1
லிமா 1

வக்காசீனா பாலைவனச்சோலையை பராக்கஸிலிருந்து நாஸ்கா போகும் வழியில் பகலில் பார்த்துக்கொள்ளலாம், இக்கா நகரத்திலிருந்து 5 கி.மீ.தான். பூனோவை விட்டுவிடுங்கள். அந்த ஊர் இருக்கும் தித்திகாகா ஏரிக்கரை 3,812 மீட்டரில் இருக்கிறது. அதற்கென்று நான்கு நாள் ஒதுக்க முடிந்தால் மட்டும் போகலாம்.

சாலைப்புழுதி:
//கோல்கா 1//
இதில்தான் எனக்கு இடிக்கிறது. அரெக்கிப்பாவிலிருந்து சிவாய் போகும் பாதை பட்டபாம்பா கணவாயைத் தாண்டும், 4,910 மீட்டர். இறங்கி நின்று எரிமலைகளைப் படம் எடுக்கப் பத்து நிமிடம் கொடுப்பார்கள். பெரியவர்களை வண்டியை விட்டு இறக்காமல் இருப்பதே நல்லது. இறங்கினாலும் வேகமாக நடக்க விடாதீர்கள்.

ஒரே நாள் பயணம் என்று விற்பதை வாங்கவே வேண்டாம். அதிகாலை 3 மணிக்குக் கிளப்பி, தூக்கம் கெட்டு, குளிரில் கணவாயைத் தாண்டி, மாலை திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். நாளின் பெரும்பகுதி வண்டியிலேயே போகும். போவதென்றால் இரண்டு நாளாகப் போங்கள். காண்டோர் கழுகுகள் குரூஸ் டெல் காண்டோர் முனையில் காலை 8 முதல் 10 வரைதான் நன்றாகத் தெரியும். வெயில் ஏறி, பள்ளத்தாக்கிலிருந்து சூடான காற்று மேலே எழும்போது அதில் மிதந்து வரும். அவ்வளவு கனமான பறவை, இறக்கையை அடித்தே மேலேறினால் கட்டாது. காற்று சூடாகும்வரை பாறையில் உட்கார்ந்திருக்கும். மேகமூட்டமான காலையில் தாமதமாக வரும், சில நாள் வரவே வராது.

அரெக்கிப்பாவில் இரண்டாம் நாளும் அப்பாவுக்குத் தலைவலி இருந்தால் கோல்காவை ரத்து செய்துவிட்டு அந்த இரண்டு இரவைக் குஸ்கோவில் சேருங்கள். அரெக்கிப்பாவிலேயே பார்க்க நிறைய இருக்கிறது. 1579இல் தொடங்கிய சாந்தா கத்தலீனா மடம் ஒரு சிறிய ஊர் மாதிரி, தனித் தெருக்களோடு இருக்கும். அரை நாள் வேண்டும்.

குறுக்குவழி:
எல்லாரும் கடற்கரை வழியாகத்தான் போகணும்னு இல்லையே. குஸ்கோவுக்கு விமானத்துல போய், ஊருக்குள்ள தங்காம விமான நிலையத்துல இருந்தே டாக்சி பிடிச்சு ஒயாந்தாய்தாம்போ போயிடலாம். ரெண்டு மணி நேரம். அறுநூறு மீட்டர் கீழே தூங்குறீங்க. மச்சு பிச்சு அதைவிடக் கீழே, 2,430. எல்லாம் முடிஞ்சு கடைசியில குஸ்கோ. நிறையப் பேர் இப்படித்தான் போறாங்க.

உயரமானி:
ஒரு வாரமே இருப்பவர்களுக்கு அது சரியான வழி, மறுக்கவில்லை. இரண்டு எச்சரிக்கை மட்டும். ஒன்று, அந்தச் சாலை சின்செரோ வழியாகப் போகிறது, அது 3,762 மீட்டர், குஸ்கோவை விட உயரம். நெசவுக் கூடம், இடிபாடு என்று டிரைவர் அங்கே இரண்டு மணி நேரம் நிறுத்துவார். முதல் நாள் நிறுத்த வேண்டாம் என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு, கடல்மட்டத்திலிருந்து ஒரே நாளில் 2,800க்குப் போவதும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

இவர்களிடம் 16 இரவு இருக்கிறது, அவசரப்பட வேண்டியதில்லை.

வெள்ளைக்கோட்டு:
மருந்து பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

அசெட்டசோலமைடு (டயமாக்ஸ்): உயர நோய் (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் தலைவலி, வாந்தி) வராமல் தடுக்கப் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மி.கி., காலை ஒன்று, மாலை ஒன்று. நம்மூரில் 250 மி.கி. மாத்திரையாகக் கிடைக்கும், பாதியாக உடைத்துக்கொள்ளலாம். ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி, உச்ச உயரத்தை அடைந்த பின் இரண்டு நாள் வரை எடுப்பது வழக்கம். விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். இவை எதிர்பார்க்க வேண்டியவைதான். சல்ஃபா ஒவ்வாமை இருந்தவர்கள் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். அப்பா எடுக்கும் பிரஷர் மாத்திரையில் சிறுநீர் பெருக்கி கலந்திருக்கிறதா என்று அட்டையைக் காட்டிக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் உப்புச்சத்து குறையலாம்.

குஸ்கோ மருந்துக்கடைகளில் சொரோச்சி பில்ஸ் என்று விற்பதில் முக்கியமாக ஆஸ்பிரினும் காஃபீனும்தான் இருக்கின்றன. தலைவலி குறையும், உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்கு அது உதவாது. ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது.

3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொது விதி. கோல்கா இரவு இதை மீறுகிறது, அரெக்கிப்பாவில் மூன்று இரவு கேட்பது அதனால்தான்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் கொண்டுபோவீர்கள், தெரியும். குஸ்கோவில் 90க்குக் கீழே காட்டுவது சாதாரணம், எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆளைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, ஈர இருமல் வருகிறதா, பேச்சு குழறுகிறதா? ஒரு பாதத்தின் முன் மறு குதிகாலை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் காலைவரை காத்திருக்கக் கூடாது. அந்த இரவே கீழே இறக்க வேண்டும், மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

கோக்கா இலைத் தேநீர் அங்கே சட்டப்படி சரி, எந்த விடுதியிலும் வைத்திருப்பார்கள். இலையையோ தேநீர்ப் பையையோ பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவராதீர்கள், இந்தியாவில் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். அலுவலகத்தில் சிறுநீர்ப் பரிசோதனை இருப்பவர்கள் குடிக்கவே வேண்டாம், சோதனையில் காட்டும்.

நெல்லைக்காற்று:
அனைவருக்கும் நன்றி. வரிசையை மாற்றிவிட்டேன். நாஸ்கா கோடுகளை (பாலைவனத் தரையில் வரைந்த பெரிய உருவங்கள்) பார்க்க விமானம் ஏற வேண்டுமா, சாலையோரக் கோபுரத்தில் ஏறிப் பார்த்தால் போதாதா? அம்மாவுக்கு பஸ்ஸிலேயே வாந்தி வரும்.

கோடுகிழித்தவன்:
பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலைப் பார்வைக் கோபுரத்திலிருந்து கைகள், மரம் என்று இரண்டு உருவமும், அதே நெடுஞ்சாலை வெட்டிப்போட்ட பல்லியும் தெரியும். சாய்வான கோணத்தில்தான் தெரியும். குரங்கு, சிலந்தி, தேன்சிட்டு வேண்டுமென்றால் விமானம்தான். சிலந்தி சுமார் 46 மீட்டர் நீளம், தேன்சிட்டும் குரங்கும் அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

விமானம் சிறிய செஸ்னா வகை, சுமார் 30 முதல் 35 நிமிடம். ஒவ்வொரு உருவத்துக்கும் முதலில் ஒரு பக்கம் சாய்த்து வட்டமடிப்பார், பிறகு மறுபக்கம். அதனால் இடது சீட்டா வலது சீட்டா என்று சண்டை போட வேண்டியதில்லை. வயிற்றைக் கலக்குவதும் இந்தச் சாய்வுதான். குறைக்க வழி: காலை விமானம். மதியத்துக்கு மேல் தரை சூடாகிக் காற்று தூக்கிப் போடும். ரொம்ப அதிகாலை என்றால் பனிமூட்டம், ஓடுபாதையிலேயே உட்கார வைப்பார்கள். ஆக 9 முதல் 11 வரை சரியாக இருக்கும். முந்தைய வேளை லேசாகச் சாப்பிடுங்கள், வெறும் வயிறும் வேண்டாம். அவோமின் மாதிரியான மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், ஏறும்போது போட்டால் இறங்கிய பிறகுதான் வேலை செய்யும். கேமரா திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தால் நிச்சயம் குமட்டும்.

பாஸ்போர்ட் கட்டாயம். ஒவ்வொருவரையும் எடை பார்ப்பார்கள், சீட்டு அதன்படிதான். விமான நிலையக் கட்டணம் தனி, சோல் (பெரு நாணயம்) ரொக்கமாக வைத்திருங்கள். படம் எடுப்பவர்கள் போலரைசர் வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள், பிளாஸ்டிக் ஜன்னலில் வானவில் கறை விழும். ஷட்டர் 1/1000க்குக் குறைய வேண்டாம்.

அம்மா தரையிலேயே இருக்கட்டும். அந்த நேரத்தில் கான்டயோக் நீர்வழிகளுக்கு டாக்சியில் போய் வரலாம், ஊரிலிருந்து பக்கம்தான். நிலத்தடி வாய்க்காலுக்குச் சுருள் வடிவில் கல் அடுக்கி இறங்குவழி வைத்திருக்கிறார்கள், இன்றும் தண்ணீர் ஓடுகிறது. என்னைக் கேட்டால் கோடுகளைவிட இதுதான் பெரிய வேலை. மழையே இல்லாத இடத்தில் ஊர் எப்படி இருந்தது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

சாலைப்புழுதி:
ஒரு சேர்க்கை. கோடுகள் தோண்டியவை என்று நினைத்துக்கொண்டு போவார்கள். மேலே இருக்கும் கற்களில் இரும்பு, மாங்கனீஸ் ஆக்சைடு படிந்து கறுத்திருக்கும். அதை ஒதுக்கினால் அடியில் வெளிறிய மண். அவ்வளவுதான், ஒரு சாண் ஆழம்கூட இருக்காது. மழையில்லாததால் நிற்கிறது, காலடி பட்டால் அந்தத் தடமும் அதேபோல நின்றுவிடும். 2018 ஜனவரியில் ஒரு லாரி நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மூன்று கோடுகளைக் கெடுத்தது. இப்படிக் கெடாமல் இருக்கத்தான் நடக்க அனுமதி கிடையாது. யமகதா பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவை வைத்து 303 புதிய உருவங்களை அடையாளம் கண்டதாக 2024இல் அறிவித்தது. அவை பெரும்பாலும் சிறியவை.

பராக்கஸில் பாயெஸ்தாஸ் தீவுப் படகையும் காலை 8 மணிக்கே பிடியுங்கள். இரண்டு மணி நேரம், தீவில் இறங்க விட மாட்டார்கள். பிற்பகல் காற்று பலமாகிவிடும், கடல் கரடாகும், துறைமுகத்தை மூடினால் அன்று படகே இல்லை. இரண்டு இரவு வைத்தது அதற்காகத்தான், முதல் காலை தவறினால் இன்னொன்று இருக்கும். தொப்பி அவசியம், தலைக்கு மேலே ஆயிரக்கணக்கில் பறவை. பெருவின் குவானோ (பறவை எச்சம்) உரம் இந்த மாதிரித் தீவுகளிலிருந்துதான் போனது.

கரிசல்மண்:
மச்சு பிச்சு டிக்கெட் வாங்கியாச்சா? ஜூன் என்றால் விமான டிக்கெட்டுக்கு முன்னாலேயே அதைப் பாருங்கள்.

2024இலிருந்து மூன்று சுற்று, அதற்குள் பத்து வழி. டிக்கெட்டில் போட்டிருக்கும் வழியை விட்டு மாற விட மாட்டார்கள், வெளியே வந்தால் திரும்ப நுழைய முடியாது. சுற்று 2 ஊர் இடிபாடுகளையும் மேலிருந்து தெரியும் காட்சியையும் சேர்த்துக் காட்டும், முதலில் தீர்வது அதுதான். சுற்று 1 மேலேயே சுற்றிவரும், போஸ்ட்கார்டு படம் கிடைக்கும், கட்டடங்களுக்குள் போக முடியாது. சுற்று 3 கீழ்ப்பகுதி, ஏற்றம் குறைவு.

நிறையப் பேர் ஏமாறுவது வய்னா பிச்சு மலையில்தான். அது 3-ஏ வழி. எல்லாவற்றையும்விட உசத்தியான டிக்கெட் என்று வாங்கிவிடுகிறார்கள், அதில் அந்தப் பிரபலமான மேல்தட்டுப் படம் கிடையாது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு டிக்கெட், வேறு வேறு நேரத்துக்கு. உங்கள் குடும்பத்துக்கு 2-பி பாருங்கள், இல்லையென்றால் 2-ஏ. அப்பா அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் அவர்களுக்கு மட்டும் சுற்று 3இல் மலை ஏறாத வழி.

இணையத்தில் தீர்ந்துபோனால் அகுவாஸ் காலியெந்தெஸ் கலாச்சார அமைச்சக அலுவலகத்தில் தினம் 1,000 டிக்கெட் நேரில் கொடுக்கிறார்கள். அன்றைக்கே கிடைக்கும் என்று போகாதீர்கள், அடுத்த நாளுக்கோ அதற்கடுத்த நாளுக்கோதான். வரிசை எண் வாங்கி, சொன்ன நேரத்துக்கு பாஸ்போர்ட்டோடு வர வேண்டும். எந்தச் சுற்று கிடைக்கும் என்பதும் உங்கள் கையில் இல்லை.

கழிப்பறை வாசலில் மட்டும், உள்ளே இல்லை. பை 40 × 35 × 20 செ.மீ.க்குள். ஊன்றுகோல் முனையில் ரப்பர் குமிழ் இருக்க வேண்டும். ரயிலிலும் சிறிய பைக்குத்தான் அனுமதி, பெரிய பெட்டிகளை ஒயாந்தாய்தாம்போ விடுதியில் விட்டுவிட்டுப் போங்கள்.

நெல்லைக்காற்று:
இதில் ஒரு சிக்கல். அப்பா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி, ஒரே பெயர்தான். பதிவுப் பக்கம் குடும்பப் பெயர் இல்லாமல் நகர மறுக்கிறது.

கரிசல்மண்:
விமான டிக்கெட்டில் எப்படிப் போட்டீர்களோ அதே மாதிரி போடுங்கள், அதாவது பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதினால் இங்கேயும் இரண்டு கட்டத்திலும். ரயில், நுழைவு, பஸ் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியலை விரிக்கவோ சேர்க்கவோ வேண்டாம். வாசலில் பாஸ்போர்ட் எண்ணைத்தான் முதலில் ஒப்பிடுவார்கள், அதில் ஒரு எழுத்துகூடத் தவறக் கூடாது. இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்தால் பழையதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

குறுக்குவழி:
சைவச் சாப்பாடு பத்தி: "சின் கார்னே"ன்னு மட்டும் சொன்னா கோழி வரும். அங்க கார்னேன்னா பெரும்பாலும் மாட்டுக்கறிதான் நினைப்பாங்க. "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ"ன்னு (கறி, கோழி, மீன் இல்லாம) மூணையும் சொல்லணும். சூப்ல காய்கறி மட்டும் மிதந்தாலும் அடித்தண்ணி எலும்பு வேக வச்சதா இருக்கும், "கால்டோ எதுல செஞ்சது"ன்னு கேளுங்க.

நம்பி சாப்பிடக்கூடியது: பாப்பா அ லா வங்காயீனா (உருளைக்கிழங்கு மேல பாலாடைக்கட்டி, மஞ்சள் மிளகாய்ச் சாறு), சோக்லோ கோன் கேசோ (பெரிய மணி சோளமும் பாலாடைக்கட்டியும்), பால்டா (அவகாடோ). சீஃபான்னு போர்டு இருக்குற சீன-பெரு கடையில முட்டை சாதம் சூடா போட்டுத் தருவாங்க, பாதிச் செலவு. ரொக்கோத்தோ ரெயேனோ பார்க்க குடமிளகாய் மாதிரி இருக்கும், உள்ள கறி, காரமும் நம்மூர்க்காரங்களுக்கே சுர்ருன்னும்.

குக்கர் கொண்டுபோறவங்களுக்கு: 220 வோல்ட், நம்ம சாதனம் ஓடும். ஆனா குஸ்கோ உயரத்துல தண்ணி 88, 89 டிகிரியிலேயே கொதிச்சிடும். திறந்த பாத்திரத்துல பருப்பு வேகவே வேகாது. அவல், ரவை உப்புமா மிக்ஸ் போதும்.

கற்சுவர்:
பயணத்தில் யாருக்காவது இடிபாடுகள்மேல் உண்மையான ஆர்வம் இருந்தால், தெற்கு மட்டும் பார்த்துவிட்டு பெரு என்றால் இன்கா என்று திரும்பாதீர்கள். இன்காக்கள் பேரரசாக இருந்தது ஸ்பானியர்கள் வருவதற்கு முந்தைய நூறு ஆண்டு சொச்சம்தான். லிமாவுக்கு வடக்கே சூப்பே பள்ளத்தாக்கில் காரல், கிட்டத்தட்ட 5,000 ஆண்டு பழமை. ட்ருஹீயோ பக்கம் சிமு மக்களின் சான் சான், மண்ணால் கட்டிய தலைநகரம். பரப்பு பெரிது, பார்வையாளருக்குத் திறந்திருப்பது ஒரு அரண்மனை வளாகம் மட்டும். அதே ட்ருஹீயோ பக்கம், இன்காவுக்கு முந்தைய மொச்சே காலத்துக் கோயிலான வாக்கா தே லா லூனாவின் வண்ணச் சுவர்கள். 1987இல் வால்ட்டர் ஆல்வா குழு தோண்டிய சிபான் கல்லறைப் பொருள்கள் லம்பாயெக்கே அருங்காட்சியகத்தில். எல்லாமே கடலோரத் தாழ்நிலம், உயரப் பிரச்சினை கிடையாது.

இந்த முறை உங்களுக்கு அங்கே போக நாள் போதாது. ஆனால் குஸ்கோவில் கொரிகாஞ்சாவை (இன்காக்களின் சூரியக் கோயில்) விடாதீர்கள். இன்கா சுவர்மேல் ஸ்பானியர்கள் சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் மேலே இருந்தது பெரும் சேதமடைந்தது, அடியில் இருந்த இன்கா சுவர் நின்றது. உள்நோக்கிய சாய்வு, மேலே குறுகும் வாசல், சாந்தே இல்லாமல் இழைத்துப் பொருத்திய கல், மூன்றையும் ஒரே இடத்தில் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். இதற்குத் தனி நுழைவுக் கட்டணம், குஸ்கோ கூட்டுச் சீட்டில் (பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டு) சேராது. மராஸ் உப்பு வயலும் அப்படியே. சாக்சய்வாமன், பீசாக், ஒயாந்தாய்தாம்போ, மொராய், சின்செரோ ஐந்தும் கூட்டுச் சீட்டில் அடங்கும். முழுச் சீட்டு 10 நாள் செல்லும், அதனால் ஒயாந்தாய்தாம்போவிலேயே வாங்கிவிடுங்கள்.

சாலைப்புழுதி:
நாஸ்கா–அரெக்கிப்பா இரவு பஸ் பற்றி: 9, 10 மணி நேரம். லிமாவிலிருந்து வரும் வண்டிகள் என்பதால் தாமதமாகும். கீழ்த்தளத்தில் 160 டிகிரி சாயும் சீட்டு எடுங்கள், பெரியவர்களுக்கு மாடிப்படி மிச்சம், வளைவில் ஆட்டமும் குறைவு. ஏசி குளிரும், போர்வை கைப்பையில் இருக்கட்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி நிறுத்தம், டிக்கெட்டில் இருக்கும் முகவரியை டாக்சிக்காரரிடம் காட்டுங்கள். "நாஸ்காவிலிருந்து நேராகக் குஸ்கோ" என்று இன்னொரு பஸ் கண்ணில் படும், 14 மணி நேரம், இரவிலேயே 4,000 மீட்டரைத் தாண்டும். அதில் ஏறாதீர்கள்.

வெள்ளைக்கோட்டு:
கிளம்பும் முன் இன்னொன்று, இது எல்லா இந்தியப் பயணிகளுக்கும். மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் பெரு இருக்கிறது. அமேசான் பக்கமே போகாவிட்டாலும், இந்தியா திரும்பும்போது தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்த அதிகாரம் உண்டு. போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள், நாள் முன்பதிவு கேட்டுக்கொண்டு போங்கள். அறுபது வயதுக்கு மேல் முதல்முறை போடுபவர்களுக்குப் பக்கவிளைவு அபாயம் கொஞ்சம் கூடுதல். அப்பா, அம்மா இருவரையும் மருத்துவர் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். போடக் கூடாது என்றால் அதற்கான விலக்குச் சான்றை எழுத்தில் வாங்கி, அதை இந்திய விமான நிலையத்தில் ஏற்பார்களா என்றும் முன்பே விசாரியுங்கள்.

உயரமானி:
விசா கேட்கவில்லை, இருந்தாலும்: இந்திய பாஸ்போர்ட்டில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் இவற்றில் ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதம் செல்லும்படி இருந்தாலோ அங்கே நிரந்தர வசிப்புரிமை இருந்தாலோ பெருவுக்குத் தனி விசா தேவையில்லை. மற்றவர்கள் தில்லி தூதரகம். அமெரிக்கா வழியாக விமானம் மாறினால், வெளியே போகாவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். மலிவு டிக்கெட்டைப் பார்த்து இதில் மாட்டுபவர்கள் அதிகம்.

கடைசி இரவை லிமாவில் வைத்ததைக் குறைக்காதீர்கள். குஸ்கோ விமானங்கள் வானிலையால் தள்ளிப்போகும், காலை விமானமாக எடுங்கள். சாலை மறியலும் உண்டு. 2023 ஜனவரியில் போராட்டத்தால் மச்சு பிச்சுவே மூடப்பட்டது, 2025 செப்டம்பரில் தண்டவாளத்தை மறித்து ரயில் நின்றது. ஒயாந்தாய்தாம்போ இரண்டு இரவில் ஒன்றை நகர்த்தக்கூடிய இரவாக வைத்து, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் போடுங்கள்.

நெல்லைக்காற்று:
2-பி கிடைத்தது, ஜூன் 10, காலை 9 மணி. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சுற்று 3, அதே நேரம். இரண்டு சுற்றுக்கும் வெளியேறும் வழி ஒன்றுதானா?

கரிசல்மண்:
வாசல் ஒன்றுதான். சந்திக்கும் இடத்தை உள்ளே வைக்காமல் பஸ் நிறுத்தத்தில் வையுங்கள், உள்ளே ஒருவழிப் பாதை, நின்று காத்திருக்க விட மாட்டார்கள். இறங்கும் பஸ் வரிசை மதியம் நீளும். ரயிலை பிற்பகல் மூன்றுக்கு மேல் போடுங்கள்.